மோடெனா கதீட்ரலுக்குப் போனால் உடனே உள்ளே நுழைந்துவிடாதீர்கள்

இத்தாலியின் பொலோன்யா நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் மோடெனா வந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து பொடிநடையாக நடந்தால் பியாஸா கிராந்தே சதுக்கம், அங்கேதான் 1099இல் கட்டத் தொடங்கிய கதீட்ரல் இருக்கிறது. ரோமனெஸ்க் என்ற இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி என்றால் என்னவென்று புத்தகத்தில் படித்து மண்டையை உடைத்துக்கொள்வதைவிட இங்கே இரண்டு மணி நேரம் சுற்றுங்கள், தானாகப் புரியும்: தடித்த சுவர், அரைவட்ட வளைவு, சின்னச் சின்ன ஜன்னல்.

காலையிலேயே போய்விடுங்கள். இத்தாலியில் பல தேவாலயங்களை மதியம் பூட்டிவிடுவார்கள், பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்கவும் விடமாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வெயில் காலமென்றால் பையில் ஒரு துப்பட்டா போதும்.

சரி, வந்தாயிற்று. உள்ளே போக அவசரப்படாதீர்கள், இந்தக் கோயிலின் பாதி விஷயம் வெளிச்சுவரில்தான். முன்வாசல் பக்கம் போய் இடது ஓரத்தில் நின்று ஆரம்பியுங்கள். விலிஜெல்மோ என்ற சிற்பி பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தை நான்கு பலகைகளாகச் செதுக்கியிருக்கிறார், ஆதாம் பிறப்பதில் தொடங்கி நோவாவின் பேழை வரைக்கும், இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகலாம். இரண்டாவது பலகையில் கொஞ்சம் நில்லுங்கள். தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட ஆதாமும் ஏவாளும் கன்னத்தில் கை வைத்தபடி நிற்கிறார்கள், நம் வீட்டில் யாராவது அப்படி உட்கார்ந்தால் பாட்டி திட்டுவாளே, அதே கை. பக்கத்திலேயே இருவரும் மண்வெட்டியோடு மண் கொத்துகிறார்கள். வாசல் தூண்களைச் சுமக்கும் சிங்கங்கள் ரோமானியர் காலத்தவை, பழையதை எடுத்து வைத்துவிட்டார்கள்.

அப்புறம் வடக்குப் பக்கம், கிர்லாண்டினா என்ற மணிக்கோபுரத்தை ஒட்டிய வாசலுக்கு வாருங்கள். அவசரமாக வருகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். வளைவில் பிரிட்டன் பழங்கதைகளில் வரும் ஆர்தர் ராஜாவின் கதை, பெயர்களோடு. ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குக் கீழே உள்ள உத்தரம்தான்: செத்ததுபோல் நடிக்கும் நரியை இரண்டு சேவல்கள் பாடையில் தூக்கிப் போகின்றன. தேவாலய வாசலில் இதைச் செதுக்க ஒருவருக்குத் துணிச்சல் இருந்திருக்கிறது பாருங்கள்.

இப்போது உள்ளே போகலாம். வெளியே வெள்ளைக் கல், உள்ளே செங்கல். கண் பழக ஒரு நிமிடம் பிடிக்கும், அதுவரை சும்மா உட்காருங்கள். எதிரே தூண்கள்மேல் குறுக்காக ஒரு மேடை, அதில் இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இராவுணவு, வண்ணம் பூசிய சிற்பமாக. அதற்கடியில் இறங்கினால் நிலவறை, ஊரின் காவல் புனிதர் ஜெமினியானோவின் கல்லறை அங்கேதான். கல்லறையைப் பார்த்ததும் திரும்பிவிடாமல், 1480 வாக்கில் குயிதோ மாட்ஸோனி செய்த சுடுமண் சிலைகளைத் தேடிப் பாருங்கள். மாதா மடியில் குழந்தை, பக்கத்தில் ஒரு பணிப்பெண், கரண்டியிலிருக்கும் கஞ்சி சுடுமே என்று உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருக்கிறாள்.