பீரைக் குறை சொல்லும் முன்: சுவைத்துப் பார்ப்பதில் நாம் செய்யும் தவறுகள்

ஒரு காலத்தில் டர்பனில் நம் வீடுகளில் பீர் என்றால் காசில் லாகர்தான். விருந்தாளி வந்தால் கூடுதலாக ஒரு குவார்ட் பாட்டில் திறப்பார்கள். இப்போது அதே டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இளைஞர்கள் ஐ.பி.ஏ. (கசப்பு மிகுந்த பீர்), போர்ட்டர் (கறுத்த பீர்), வைஸ்பியர் (கோதுமை பீர்) என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். 1983-இல் நைஸ்னாவில் மிட்செல்ஸ் ஆலை சிறிய அளவில் காய்ச்சத் தொடங்கியது. அதன் பிறகு நாடெங்கும் சிற்றாலைகள் முளைத்துவிட்டன. நாலு ஆலைகளின் பீரை மேசையில் வரிசையாக வைத்து, இது தேறும், இது தேறாது என்று தீர்ப்புச் சொல்வதும் ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. சொல்லட்டும். ஆனால் அந்தத் தீர்ப்புகளில் பாதி, பீரைப் பற்றியவையே அல்ல. கழுவாத குவளை, உச்சி வெயில், மதியம் சாப்பிட்ட கறி, பக்கத்து நாற்காலிக்காரரின் வாய் ஆகிய எல்லாவற்றின் குற்றத்தையும் காய்ச்சியவர் தலையில் கட்டிவிடுகிறோம்.

கறியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் நம் ஊரில் அதுதான் முதல் குற்றவாளி. ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பிய மட்டன் பன்னி சௌ ஒன்றைக் கையைச் சுற்றிக் குழம்பு வழியச் சாப்பிட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் ஐ.பி.ஏ. குடித்துப் பார்த்து, “வாயெல்லாம் எரிகிறது, ஏதோ கலந்திருக்கிறார்கள்” என்பவர்கள் உண்டு. மிளகாயின் காரம் நாக்கில் எந்த நரம்புகளைத் தூண்டுகிறதோ, அதே நரம்புகளை ஆல்கஹாலும் தூண்டும். பீரின் வாயு வேறு சுருக்கென்று குத்தும். இரண்டும் சேரும்போது அடங்கிக்கொண்டிருந்த எரிச்சல் மறுபடி கிளம்புகிறது. பீரில் கசப்புக்கும் மணத்துக்கும் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் முரட்டுத்தனமாகத் தெரிகிறது. கறியோடு பீர் குடிப்பது தனி இன்பம், அதை யாரும் தடுக்கவில்லை. அதற்கு மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) இனிப்புள்ள ஆம்பர் ஏலோ வைஸ்பியரோ எடுத்துக்கொள்ளுங்கள். எடைபோட்டுப் பார்க்கும் நாளில் மட்டும் கறியைப் பின்னுக்குத் தள்ளிவையுங்கள். நாக்கைத் துடைக்க, எதுவும் தடவாத வெள்ளை ரொட்டித் துண்டும் குளிராத தண்ணீரும் போதும். சீஸ், சிப்ஸ், ஊறுகாய் எதுவும் வேண்டாம்.

மூக்கும் அப்படித்தான். இறைச்சி சுடும் பிராய் அடுப்பின் பக்கத்தில் நின்றுகொண்டு பீரை முகர்ந்தால் விறகுப் புகைதான் வரும். ஊதுபத்தி, கற்பூரம், கனத்த சென்ட் எல்லாம் அதே கதைதான். மல்லிகைச் சரம் சூடிய அக்காவைத் தள்ளி உட்காரச் சொல்ல யாருக்கும் துணிவு வராது. ஆகையால் குவளையை எடுத்துக்கொண்டு நாமே தள்ளிப்போவது நல்லது.

அடுத்தது குவளை. இதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. கறிச் சட்டி கழுவிய அதே பஞ்சால் கழுவிய குவளை, கண்ணுக்குப் பளபளவென்றுதான் இருக்கும். பீரை ஊற்றிப் பாருங்கள். உள்சுவரில் ஆங்காங்கே குமிழிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு மேலே ஏற மறுத்தால், அந்த இடத்தில் எண்ணெய்ப்பசையோ சோப்போ இருக்கிறது என்று பொருள். நுரையும் சட்டென்று அமுங்கிவிடும். சுத்தமான குவளையில் குமிழிகள் நேராக மேலெழும். ஒவ்வொரு மிடறுக்குப் பிறகும் நுரை, சுவரில் வளையம் வளையமாகப் படிந்து நிற்கும். அழுக்குக் குவளையில் ஊற்றிவிட்டு “நுரையே நிற்கவில்லை, மால்ட் சரியில்லை” என்று எழுதுபவரைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஊற்றுவதற்கு முன் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள், துணியால் துடைக்காதீர்கள். குவளையை உறைபெட்டியில் வைத்துப் பனி பூக்கச் செய்வதும் வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும். மணம் மட்டும் செத்துப்போகும்.

குளிர் என்றதும் இன்னொன்று. பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் பனிக்கட்டி போன்ற பீருக்கு மனம் ஏங்குவது இயற்கை. ஆனால் கடுங்குளிர் நாக்கை மரக்கச் செய்கிறது, வாசனைப் பொருள்களையும் அடக்கிவைக்கிறது. லாகர், பில்ஸ்னர் வகைகளுக்கு 4 முதல் 7 டிகிரி செல்சியஸ், பேல் ஏல், ஐ.பி.ஏ.வுக்கு 7 முதல் 10, போர்ட்டர், ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13 என்று வைத்துக்கொண்டால் போதும். வெப்பமானி தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்டவுட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்தால் காப்பியும் சாக்லேட்டும் தானாகவே எழுந்து வரும்.

வெளியே என்றால் நிழலில். கடற்கரையோரம் வெயிலில் உட்கார்ந்து சுவைப்பதுபோல் கெடுதல் வேறில்லை. ஹாப்ஸின் கசப்புப் பொருள்களை வெளிச்சம் உடைத்து, கந்தகம் கலந்த ஒரு நாற்றத்தை உண்டாக்குகிறது. நேர் வெயிலில் வைத்த குவளைக்கு இது சில நிமிட வேலை. பழுப்பு பாட்டில் பெரும்பாலும் காக்கும், பச்சை பாட்டிலும் நிறமற்ற பாட்டிலும் அவ்வளவாகக் காக்காது, தகர டப்பாவுக்குள் வெளிச்சமே நுழையாது. கடையின் முகப்பு ஜன்னலில் வரிசை கட்டி நிற்கும் பாட்டிலை வாங்குவதற்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கேப் டவுனிலிருந்து டர்பனுக்குச் சாலைவழி சுமார் 1,600 கிலோமீட்டர். குளிரூட்டாத லாரியில் வந்து, பிறகு சூடான அலமாரியில் பல வாரம் கிடந்த ஐ.பி.ஏ., நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் ஆலையைத் திட்டிப் பயனில்லை. டப்பாவின் அடியில் தேதி இருக்கும். திருப்பிப் பார்ப்பதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

குறை உண்மையிலேயே யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் சுவாரசியமே. நெய், வெண்ணெய் வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். டையாசிட்டைல் என்ற பொருளால் வருவது அது. ஈஸ்ட் தன் வேலையை முடிக்குமுன்பே ஆலைக்காரர் அவசரப்பட்டிருந்தால் அது தங்கிவிடும். அப்போது குற்றம் அவருடையது. ஆனால் மதுக்கடையில் பீப்பாயிலிருந்து குழாய்வரை வரும் பைப்பை ஒழுங்காகக் கழுவாவிட்டால் அங்கே வளரும் பாக்டீரியாவும் அதே வாடையைக் கொடுக்கும், கூடவே புளிப்பையும் சேர்க்கும். பிரித்தறிய எளிய வழி உண்டு: அதே பீரைப் பாட்டிலிலோ டப்பாவிலோ வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டப்பா பீர் சுத்தமாக இருந்தால் குழாய்தான் அழுக்கு. பச்சை ஆப்பிள் வாடை வந்தால் பீர் இன்னும் முதிரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வேகவைத்த சோள வாடை பெரும்பாலும் கொதிநிலைக் காய்ச்சலில் வந்த கோளாறு. இந்த இரண்டுக்கும் ஆலைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

வகையைப் பார்க்காமல் மார்க் போடுவதும் ஒரு பெரும் பிழை. வாழைப்பழமும் கிராம்பும் மணந்தால் வைஸ்பியருக்கு அழகு, பில்ஸ்னருக்கு இழுக்கு. கலங்கலும் அப்படியே. டெவில்ஸ் பீக் ஆலையின் கிங்ஸ் பிளாக்ஹவுஸ் ஐ.பி.ஏ. ஹாப்ஸை முன்னிறுத்திக் காய்ச்சியது. மிட்செல்ஸின் பாஸன்ஸ் பிட்டர் ஆங்கிலேயப் பாணியில் அடக்கமாகக் காய்ச்சியது. இரண்டில் எது ‘பெரிது’ என்று மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. ஒவ்வொன்றும் தான் ஆக நினைத்ததை ஆகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெவ்வேறு ஆலைகளை ஒப்பிட விரும்பினால் ஒரே வகையில் மூன்று நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். நிறமும் ஏமாற்றும்: கறுத்த கின்னஸ் 4.2 சதவீதம், வெளிறிய காசில் லாகர் 5 சதவீதம், பொன்னிற பெல்ஜிய டூவெல் 8.5 சதவீதம். கிரனடில்லா (பேஷன் பழம்) வாசனை வந்தவுடன் “பழச்சாறு ஊற்றியிருக்கிறார்கள்” என்று முகம் சுளிப்பவர்களுக்கும் ஒரு சேதி. ஜார்ஜ் நகரைச் சுற்றி விளையும் சதர்ன் பேஷன் என்ற ஹாப்ஸுக்கே இயல்பாக அந்த மணம் உண்டு.

நம் நாட்டின் பாரம்பரிய பீரான உம்கொம்போதியை இந்த மேசையில் லாகருக்குப் பக்கத்தில் வைத்து “புளிக்கிறது, கெட்டியாக இருக்கிறது” என்பது அறியாமையின் உச்சம். மக்காச்சோளமும் முளைகட்டிய செஞ்சோளமும் சேர்த்துச் செய்யும் அந்த பீர் புளிக்க வேண்டும், கலங்க வேண்டும். நொதித்துக்கொண்டிருக்கும்போதே குடிப்பது அது. ஸூலு வீட்டில் உகாம்பா மண்பானையில் அது கைமாறி வரும்போது மதிப்பெண் தாளை எடுக்காமல் வாங்கிக் குடியுங்கள்.

வரிசை மாறினாலும் தீர்ப்பு மாறும். மெல்லியதிலிருந்து கனத்ததற்கு, கசப்புக் குறைந்ததிலிருந்து மிகுந்ததற்குப் போக வேண்டும். இரட்டை ஐ.பி.ஏ.வுக்குப் பின் வரும் பில்ஸ்னர், பாவம், தண்ணீர்தான். ஒவ்வொன்றிலும் 100 மில்லிக்கு மேல் வேண்டாம். சிறு குவளைதானே என்ற அலட்சியமும் கூடாது: 5.5 சதவீதத்தில் ஆறு சிறு குவளை என்பது கிட்டத்தட்ட இரண்டு டம்பி (சிறிய பீர்) பாட்டிலில் உள்ள ஆல்கஹால். இந்த நாட்டில் காரோட்டுபவரின் 100 மில்லி இரத்தத்தில் ஆல்கஹால் 0.05 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சட்டம். மிட்லாண்ட்ஸ் பக்கம் நாட்டிங்ஹாம் ரோடு ஆலைக்குப் போய்விட்டு என்3 சாலையில் திரும்புவதாக இருந்தால், குடிக்காத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வைனைப் போல் துப்பிவிடலாமே என்றால் பீரில் அது சரிவராது. விழுங்கிய பிறகு தொண்டைவழி மூக்கேறும் மணமும் நீளும் கசப்பும் மதிப்பீட்டில் பாதி. நாக்கின் பின்பகுதியில் மட்டும்தான் கசப்புத் தெரியும் என்ற பள்ளிக்கூட வரைபடம் மட்டும் பொய். 1901-இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வைத் தவறாகப் படித்ததால் பரவியது அது. கசப்பை நாக்கு முழுவதும் உணரும்.

கடைசியாக, வாய். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். மேசையில் மூத்தவர் ஒருவர், “இதில் சோப்பு வாடை வருகிறதே, தம்பி” என்று சொல்லிவிட்டால் அப்புறம் அத்தனை பேருக்கும் சோப்பு வாடை வரும்; மரியாதைக்காக இல்லை, உண்மையிலேயே வரும். மூக்கு அவ்வளவு எளிதில் வசப்படும். லேபிளும் விலையும் பதக்கமும் செய்வதும் அதேதான். ஆகவே பாட்டிலைக் காகிதப் பையில் சுற்றி எண் போட்டு ஊற்றுங்கள். எழுதுவதற்கு பி.ஜே.சி.பி. என்ற பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பின் நடுவர்களின் 50 மதிப்பெண் முறையைக் கடன் வாங்கலாம்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த மதிப்புக்கு 10. பழக்கத்தால் முதலில் கண்ணுக்குப் படுவதற்கே நாம் அதிகம் மயங்குகிறோம். அதற்கு வெறும் 3 தான் என்பது நல்ல கடிவாளம்.

நாள் குறிக்கும்போது நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் வைத்தால் பாதிப் பேர் விரதம் என்று வரமாட்டார்கள், வாங்கிய ஐ.பி.ஏ. குளிர்பெட்டியில் பழசாகும். தேறாது என்று முடிவு கட்டிய பீர் ஏதாவது இருந்தால் அதன் டப்பாவிலுள்ள தேதியைக் குறித்துவைத்து, இன்னொரு தேதியிட்டதை வேறு கடையில் வாங்கி ஒருமுறை சுவைத்துவிட்டு ஆலையின் பெயரை எழுதுங்கள்.