ஜப்பானிய மொழியில் 'ஆடு': ஒரு நாட்டிய டீச்சரின் நோட்டிலிருந்து

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு, அதன் கீழே இருபது வருடமாகப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கும் ஜப்பானிய மொழிக்கும் சம்பந்தம் வந்தது ஒரு மாணவியால். ஆரோவில்லில் தங்கியிருந்த ஜப்பான்காரப் பெண், எட்டு மாதம் சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துக் கடலூருக்கு வந்தாள். அவளுக்குத் தமிழ் வராது. ஆங்கிலத்தில் இரண்டு பேரும் ஒரே லட்சணம். சரி, நாமே அவள் வழிக்குப் போவோம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். வெளிநாட்டு மாணவிகள் வருகிறவர்களுக்கும், ஜப்பானுக்கு ஆடப் போகிறவர்களுக்கும் அந்த நோட்டு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: ஆங்கிலப் புத்தகத்தை மூடி வையுங்கள். தமிழிலிருந்து நேராகப் போனால் பாதித் தூரம் மிச்சம்.

ஆடுவதற்கு அவர்கள் சொல் 'ஒதொரு'. ஆட்டம், 'ஒதொரி'. நாம் ஆட்டம் ஆடுகிறோம், பாட்டுப் பாடுகிறோம் இல்லையா? அவர்களும் 'ஒதொரி ஒ ஒதொரு' என்கிறார்கள். நடுவில் தனியாக நிற்கும் 'ஒ' நம்முடைய 'ஐ' வேற்றுமை உருபு. ஆட்டத்தை ஆடு. அவ்வளவுதான்.

உச்சரிப்பில் மூன்று விஷயம். இந்தச் சொல்லில் வரும் 'தொ'வை, 'பந்து' என்பதில் நாக்கு பல்லில் பட்டு வருகிற அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். 'அது'வில் வருவது போலத் தளர்த்தக் கூடாது, 'டொ' என்று நாக்கை மடிக்கவும் கூடாது. கடைசி 'ரு'வில் உதட்டைக் குவிக்காதீர்கள். நம் குற்றியலுகரம் போல விட்டால் போதும். மூன்றாவதுதான் முக்கியம்: குறில் நெடில். 'ஒதொரி' என்றால் ஆட்டம், 'ஓதோரி' என்றால் பெரிய சாலை. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இதில் திணறுவார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்த நமக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ஒரே வித்தியாசம், நமக்கு அரை மாத்திரையாக இருக்கும் மெய்க்கு அவர்கள் முழு மாத்திரை கொடுக்கிறார்கள். 'ஸன்' (மூன்று) என்பதற்கு இரண்டு தட்டு.

வாக்கியம் கட்டுவதும் நம் வரிசைதான், வினை கடைசியில். 'பரதநாதியமு ஒ ஒதொரிமஸ்': பரதநாட்டியம் ஆடுகிறேன். 'நான்' தேவையில்லை, நாமும் பாதி நேரம் அதை விட்டுவிடுகிறோம். 'ஒதொரிமசென்', ஆடுவதில்லை அல்லது ஆட மாட்டேன். 'ஒதொரிமஷ்த', ஆடினேன். இடத்துக்கு 'தெ' சேர்த்தால் நம் 'இல்': 'சிதம்பரமு தெ ஒதொரிமஷ்த', சிதம்பரத்தில் ஆடினேன். 'ஒதொரெமஸ்' என்றால் ஆட வரும். 'ஒதொரிதை தெஸ்', ஆட ஆசை. அது தை மாதத்துத் 'தை'. பிடிக்கும் என்பதற்கு 'ஒதொரு நொ க ஸ்கி தெஸ்'. 'க'வை 'மங்கை'யில் வருவது போலச் சொல்லுங்கள். அங்கே 'ஒ' வராது, 'க'தான் வரும். நாமும் 'ஆடுவதைப் பிடிக்கிறேன்' என்பதில்லை, 'எனக்கு ஆடப் பிடிக்கும்' என்கிறோம். அதே குணம்.

நோட்டில் எனக்கு மிகப் பிடித்த வரி, ஆடிக்கொண்டு இருக்கிறது என்பதற்கான 'ஒதொத்தெ இரு'. அந்த 'இரு'வுக்கு உயிருள்ளது இருத்தல் என்றே பொருள்! மரியாதையாகச் சொன்னால் 'ஒதொத்தெ இமஸ்'. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழி அறிஞர் தமிழுக்கும் அவர்கள் மொழிக்கும் உறவு உண்டென்று வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனக்கு அந்த வழக்கு வேண்டாம், மனப்பாடத்துக்கு உதவினால் போதும். சிதம்பரம் கோபுர வாசலில் 108 கரணங்களின், அதாவது நடன நிலைகளின், சிற்பங்களைப் பார்த்துவிட்டு அவள் மெதுவாக 'ஒதொத்தெ இரு' என்றாள். கல்லைச் சொன்னாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குத்தான் இந்த மொழி எனக்கு வரும் என்ற நம்பிக்கை வந்தது.

நம்பிக்கை அதிகமானதில் மாட்டிக்கொண்டேன். அடுத்த வாரம் என் கடைவாய்ப் பல் ஆடியது. 'பல் ஒதொருகிறது' என்கிற அர்த்தத்தில் ஒரு வாக்கியத்தைக் கட்டி அவளிடம் சொன்னேன். அரைமண்டியிலிருந்து (முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை) அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். தமிழில் பல் ஆடும், ஊஞ்சல் ஆடும், பேய் ஆடும், கிரிக்கெட்டும் ஆடுவோம். ஜப்பானில் ஊஞ்சலுக்கு 'யுரெரு', பல்லுக்கு 'குரகுர'. ஒதொரு ஆட்டத்துக்கு மட்டும், கூடவே மனம் துள்ளுவதுபோல ஒன்றிரண்டுக்கு. ஆனால் ஒருவன் இன்னொருவனை 'ஆட்டி வைக்கிறான்' என்கிறோமே, அது அங்கேயும் உண்டு: 'ஒதொரஸரெரு', ஆட்டி வைக்கப்படுவது. மீன் துறைமுகக்காரர்களுக்கு இன்னொன்று: துள்ளத் துள்ள உயிரோடு மீன் தின்பதற்கு 'ஒதொரிகுய்' என்று பெயர். வஞ்சிரத்தை வறுத்தே பழகிய எனக்கு அது சொல்லோடு நிற்கட்டும்.

இனி, கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய இடம். ஒதொரு ஒன்று மட்டும் போதாது. 'மவு' என்று இன்னொரு வினை இருக்கிறது, பெயர்ச்சொல் 'மை'. கண் மைக்குச் சொல்லும் அதே ஒலி. ஒதொரி காலைத் தூக்கித் துள்ளும் ஆட்டம், தாளத்தோடு போவது. மை, தரையை விட்டுக் கால் கிளம்பாமல், வழுக்கினாற்போல் சுற்றி வருவது. உதிரும் பூவிதழும் பனியும் தூசியும் 'மவு' செய்யும். கோடையில் இறந்த முன்னோரை வரவேற்கும் ஒபொன் காலத்தில் ஊர் கூடி வட்டமாக ஆடுவது பொன் ஒதொரி. நம் கும்மியைப் போல யார் வேண்டுமானாலும் சேரலாம். கியோத்தோவில் கெய்ஷாவாக (விருந்துகளில் ஆடிப் பாடும் கலைஞர்) பயிலும் இளம்பெண் 'மைகொ', அதில் வருவது மை. மை, ஒதொரி இரண்டையும் எழுதும் சீன எழுத்துகளைச் சேர்த்து, வேறு ஒலியில் படிப்பதுதான் 'புயோ'. மரபு நடனத்துக்கு 'நிஹொன் புயோ' என்கிறார்கள். சினிமா ஆட்டம், ஹிப்ஹாப் எல்லாம் 'தன்ஸு'. பரதத்துக்கு எது? நான் கேட்டதற்கு அவள் யோசித்து, தட்டடவுக்கு (காலைத் தரையில் தட்டும் முதல் பாடம்) ஒதொரி, பதம் என்ற பாட்டுக்கு முகத்தாலும் கையாலும் அபிநயம் செய்யும்போது மை மாதிரி இருக்கிறது என்றாள். எனக்கு இதைவிட நல்ல பதில் தெரியாது.

அவள் சின்ன வயதில் நிஹொன் புயோ கற்றவள். அதனால்தான் முதல் மாதம் தட்டடவில் கால் தட்டவே இல்லை, தேய்ந்தது. அந்தத் தேய்ப்புக்கு 'ஸுரிஅஷி' என்று பெயரே இருக்கிறது. நான் தட்டுக்கழியோடு கத்திய வாக்கியம்: 'த்ஸுயொகு ஃபுந்தெ குதஸை', பலமாக மிதிக்கவும். 'அஷி' என்றால் நம் 'கால்' போலவே பாதமும் அதுதான், முழுக்காலும் அதுதான். அரைமண்டிக்கு விளக்கமே வேண்டாம், 'கொஷி ஒ ஒதொஷிதெ' (இதில் 'த'க்கள் தண்ணீர்த் 'த'), அதாவது இடுப்பை இறக்கு என்றால் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள், அவர்கள் நடனத்திலும் அது பாலபாடம். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதிதாளத்துக்கு 'இச்சி, நீ, ஸன், ஷீ, கோ, ரொகு, ஷிச்சி, ஹச்சி'. நி, ஷி, கொ மூன்றும் குறில்தான். எண்ணும்போது இழுத்து, எல்லா எண்ணையும் இரண்டிரண்டு மாத்திரையாகச் சமன் செய்துகொள்வார்கள். 4க்கு 'யொன்', 7க்கு 'நன' என்றும் உண்டு, ஆனால் தாளம் எண்ணும்போது வேண்டாம்.

வகுப்புக்கு 'ஒகேகொ'. தொடங்கும்போது மாணவி 'ஒனெகைஷிமஸ்' என்று குனிவாள், தட்டிக் கும்பிடுவதற்குப் பதில் என்று வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டையும் செய்ய வைத்தேன். டீச்சரை 'ஸென்ஸே' என்பார்கள். ஆனால் உங்களையே நீங்கள் அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது. 'பரதநாதியமு ஒ ஒஷியெதெ இமஸ்', சொல்லிக்கொடுக்கிறேன், என்பதோடு நிறுத்துங்கள். ஆடும் பெண்ணை 'ஒதொரிகொ' என்று அகராதி சொல்லும், நம்பாதீர்கள். கேளிக்கை மேடையில் ஆடுகிற பெண் என்ற நிழல் அதில் உண்டு. ஒரு நாட்டியக் கலைஞரை 'ஆட்டக்காரி' என்றால் நமக்கு எப்படிச் சுருக்கென்று இருக்கும், அப்படி. 'புயோக' என்றால் கௌரவம், 'தன்ஸா' என்றால் பொதுவானது.

பாராட்ட 'ஜோஸு தெஸ் நெ', நன்றாக வருகிறதே. இதையும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக் கூடாது. யாராவது உங்களிடம் சொன்னால் 'மதமத தெஸ்', இன்னும் எவ்வளவோ இருக்கிறது. என் மாணவிகள் இப்போது தமக்குள்ளேயே மதமத என்று சொல்லிக்கொள்கிறார்கள், வாழைத்தண்டு விற்பது போல இருக்கிறது.

இவ்வளவும் மறந்தாலும் இரண்டு வாக்கியம் ஞாபகம் இருக்கட்டும். முதல் வாரம் முடிவதற்குள் உங்கள் மாணவி சொல்லப்போவது 'அஷி க இதை தெஸ்', கால் வலிக்கிறது. அதற்கு உங்கள் பதில் 'மோ இச்சிதொ', இன்னொரு தடவை.