பல்ப் பெட்டியிலிருந்து வெளிக்கூட்டுக்கு: கோழிக்குஞ்சு மாற்றும்போது நடக்கும் தவறுகள்

சூட்டுக்காகப் பல்ப் எரியவிட்ட பெட்டிக்குள் நாலைந்து வாரம் நன்றாக வளர்ந்த குஞ்சுகள், வெளிக்கூட்டுக்குப் போன முதல் வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டு வளவில் கோழி வளர்க்கும் பலருக்கும் இது தெரிந்த கதை. கேட்டால் கண்ணூறு என்பார்கள், காற்று பட்டுவிட்டது என்பார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. சூடு, வெளிச்சம், தீன், தரை, கூட்டாளி என்று குஞ்சுக்குப் பழகிய அத்தனையையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறோம். ஒவ்வொன்றாக மாற்றினால் தாங்கும் குஞ்சு, எல்லாம் சேர்ந்து வரும்போது தாங்காது.

முதலில் வயது. ஆறு வாரம் ஆகாமல் வெளியில் விடக்கூடாது என்று இணையத்தில் படித்துவிட்டு, வைகாசி வெயிலிலும் குஞ்சுகளைப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு குளிர் நாடுகளுக்குச் சரி. பொரித்த முதல் வாரம் குஞ்சுக்கு 33 முதல் 35 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும்; பிறகு வாரத்துக்கு ஏறத்தாழ 3 பாகை குறைத்துக்கொண்டு வரலாம். அப்படிப் பார்த்தால் நாலாம் வாரத்தில் 25 பாகையளவு போதும். கச்சான் என்ற வெப்பக்காற்று வீசும் மாதங்களில் எங்கள் இரவே அந்தளவு சூடாகத்தான் இருக்கும். அப்போது நாலு வாரம் முடிந்து, முதுகிலும் கழுத்திலும் பஞ்சு போய் இறகு மூடியிருந்தால் மாற்றலாம். கார்த்திகை, மார்கழி மாரியில் கதை வேறு. மழையும் வாடைக்காற்றும் சேர்ந்தடிக்கும் இரவில் இறகு முளைத்த குஞ்சும் நனைந்தால் நடுங்கும். அந்தக் காலத்தில் இன்னும் இரண்டு வாரம் வீட்டுக்குள் இருக்கட்டும். முடிந்தால் ஐப்பசியில் குஞ்சு பொரிக்க வைக்காமலே இருப்பது நல்லது. அந்தக் குஞ்சுகள் வெளியில் போகும் நேரமும் அடைமழையும் சரியாகச் சந்தித்துக்கொள்ளும்.

சூடு போதுமா என்று கண்டுபிடிக்க வெப்பமானி தேவையில்லை. குஞ்சுகள் பல்புக்குக் கீழே குவிந்து கீச்சிட்டால் குளிர்கிறது. சுவரோரம் ஒதுங்கி, வாயைத் திறந்து இறக்கையை விரித்துக்கொண்டு நின்றால் கூடிவிட்டது. பரவலாகக் கிடந்து தூங்கினால் சரி. ஒரு விஷயம்: மின்சாரம் மிச்சமாகட்டும் என்று எல்ஈடி பல்பைப் போட்டுவிட்டு, குஞ்சு ஏன் நடுங்குகிறது என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள். அது வெளிச்சம் தரும். குஞ்சு வளர்க்கும் அளவுக்குச் சூடு தராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும்.

அதிகம் பேர் கவனிக்காத தவறு இருட்டு. பெட்டிக்குள் குஞ்சு பொரித்த நாளிலிருந்து இரவு முழுக்க பல்ப் எரிந்திருக்கிறது. அதற்கு இருட்டென்றால் என்னவென்றே தெரியாது. திடீரென்று ஒரு மாலை வெளிக்கூட்டில் விட்டுக் கதவைச் சாத்தினால், பயந்து எல்லாம் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். காலையில் பார்த்தால் மேலே கிடப்பவை பிழைத்திருக்கும், அடியில் கிடப்பவை மூச்சு முட்டிச் செத்திருக்கும். உடம்பில் காயமும் இராது, நோய்க்குறியும் இராது. அதனால் பாம்பு தீண்டியது என்று முடிவு கட்டிவிடுவார்கள். மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பழக்க வேண்டும். முதலில் பகலில் பல்பை அணைத்துவிடுங்கள். அப்புறம் இரவில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு, மூன்று என்று கூட்டுங்கள். கடைசி இரண்டு மூன்று இரவுகள் சூடில்லாமலே தூங்கிப் பழகிய குஞ்சுதான் வெளியில் போகத் தயார். வெளிக்கூட்டிலும் முதல் சில இரவுகள் மங்கலான சிறு விளக்கொன்று எரியட்டும் (அதற்கு எல்ஈடி தாராளமாகப் போதும்). கூட்டின் நாலு மூலையிலும் காட்போட் மட்டையை வளைத்து வைத்து மூலையே இல்லாமல் செய்துவிடுங்கள். முதல் நாள் மாலையில் கொண்டுபோய் விடுவதும் பிழை. வெள்ளாப்பில் விட்டால், தண்ணீர் எங்கே, தீன் எங்கே, ஒதுங்குவது எங்கே என்று பகல் முழுக்கப் பார்த்துப் பழகிக்கொள்ளும்.

குளிருமே என்று கூட்டைச் சுற்றிப் பொலித்தீன் கட்டி மூடுவது இன்னொரு தவறு. உள்ளே எச்சத்தின் காரம் ஏறி, மூக்கும் கண்ணும் வடியத் தொடங்கும். நீங்கள் தலையை உள்ளே நீட்டும்போது கண் எரிந்தால், அங்கேயே கிடக்கும் குஞ்சுக்கு எப்படியிருக்கும்? சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும், குஞ்சு உயரத்துக்கு மறையுங்கள். மேலே காற்று போகட்டும். தகரக் கூரையென்றால் மதியத்தில் உள்ளே நிற்கவே முடியாது. மேலே கிடுகு பரப்பிவிடுங்கள், அல்லது கூட்டை மாமர நிழலுக்குத் தள்ளுங்கள்.

தரைக்கு வருவோம். வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எழுவான்கரையில் கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, அப்படியே தெற்கே கல்முனை, தம்பிலுவில் வரை மணல் வளவு. மழை பெய்தாலும் தண்ணீர் இறங்கிவிடும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் அம்பாறை வயல் பக்கங்களிலும் களிமண், மாரியில் நாட்கணக்கில் சொதசொதவென்று கிடக்கும். அங்கே கூட்டைக் கால் வைத்து உயர்த்தாமல் குஞ்சை இறக்கக்கூடாது. உயர்த்திய கூட்டில் சலாகைத் தரை போட்டால், பெரிய கோழிக்கு விட்ட இடைவெளியில் குஞ்சின் கால் மாட்டும். கொஞ்ச நாளைக்குச் சாக்கு விரித்து உமி போடுங்கள். நெல் ஆலைகள் நிறைந்த ஊரில் உமிக்கா பஞ்சம்?

ஈரம் இவ்வளவு முக்கியமாவது இரத்தக் கழிச்சலால். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சைத்தான் அது அதிகம் பிடிக்கும். நாம் மாற்றுவதும் அதே வயதில். எச்சத்தோடு வெளியேறும் அந்தக் கிருமியின் முட்டைகள், சூடும் ஈரமும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றக்கூடியதாகிவிடும். சாதாரணக் கிருமிநாசினிக்கு அவை எளிதில் சாவதில்லை. ஈரமில்லாத உலர்ந்த தரையும் வெயிலும்தான் அவற்றுக்கு எதிரி. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்த உமியை அன்றன்றே அள்ளி எறியுங்கள். பாத்திரத்தை ஒரு செங்கல்லின் மேல், குஞ்சின் முதுகு மட்டத்தில் வைத்தால் சிந்துவதும் கிளறுவதும் குறையும். எச்சத்தில் இரத்தம் கண்டதும் பார்மசியில் டெட்ராசைக்கிளின் கப்சூல் வாங்கி உடைத்துக் கலப்பது வீண் வேலை. இதற்கு ஆம்புறோலியம் போன்ற தனி மருந்து இருக்கிறது. மிருக வைத்தியரிடம் அளவு கேட்டுக் கொடுங்கள்.

கீரி, பூனை, மரநாய், சாரை, உடும்பு, காகம், பருந்து: எங்கள் வளவுகளில் குஞ்சுக்கு எதிரி குறைவில்லை. பெரிய கோழிக்கு அடித்த அகலக்கண் வலையை நம்புவது தவறு. அதற்குள்ளால் குஞ்சு வெளியே வரும், கீரி உள்ளே போகும். கீழ்ப்பகுதிக்கு அரை அங்குலக் கண் கம்பி வலை அடித்து, அதன் அடியை ஒரு அடியளவு வெளிப்புறமாக மடித்து மண்ணுக்குள் புதையுங்கள். பழைய மீன்வலை மேலே விரிப்பதற்கு அருமையான சாமான். காகமும் பருந்தும் இறங்காது. அதையே பக்கத்துக்குக் கட்டினால் கீரி கடித்து வரும், குஞ்சின் காலும் சிக்கும்.

ஏற்கெனவே கோழி இருக்கும் கூட்டில் குஞ்சுகளை நேரே கலக்க வேண்டாம். கொத்து வாங்குவது ஒரு பக்கம். பெரிய கோழி நோயில்லாமல் தோன்றினாலும் கிருமி, பேன், செள் எல்லாம் சுமந்துகொண்டிருக்கும். நடுவில் வலை வைத்து ஒன்றையொன்று பார்க்கும்படி சில வாரம் வைத்துவிட்டு, குஞ்சுகள் உடம்பு தேறிய பிறகு கலக்கலாம். இராணிக்கேத் என்ற கோழி நோய்க்குத் தடுப்பு மருந்து விட்ட அன்றே மாற்றுவதும் கூடாது. எதிர்ப்புச் சக்தி வர ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். மாரியில் நுளம்பு பெருகும்போது கோழி அம்மையும் வரும், அந்தத் தடுப்பூசியைப் பற்றியும் மிருக வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.

தீனை அதே வாரத்தில் மாற்றாதீர்கள். குஞ்சுத்தீனே தொடரட்டும். குறுணலும் தேங்காய்ப்பூவும் மட்டும் போட்டால் வயிறு நிறையும், இறகு வளரப் புரதம் போதாது. முட்டைக்கோழித் தீனில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சின் சிறுநீரகத்துக்கு ஆகாது.

வெளிக்கூட்டுக்கு வந்ததும் வளவில் திறந்துவிடும் அவசரமும் வேண்டாம். ஒரு வாரமாவது உள்ளேயே இருந்து, இதுதான் நம் இடம் என்று பழகட்டும். முதல் முறை திறப்பதை அந்திக்கு ஒரு மணி நேரம் முன், வயிறு காலியாக இருக்கும்போது செய்யுங்கள். தூரம் போக நேரம் இருக்காது. கூட்டுக்குள் தீன் பாத்திரத்தைத் தட்டினால் தாமாகவே உள்ளே ஓடிவரும்.