சீரமைப்பு அறுவை சிகிச்சை: தள்ளிப்போடுவதும் மறைப்பதும் பாதியில் விடுவதும்

வாய்ப் புற்றுநோய்க்காகத் தாடை எலும்பின் ஒரு பகுதி எடுக்கப்படுகிறது. விபத்தில் முழங்காலுக்குக் கீழே தோலும் சதையும் பிய்ந்து எலும்பு வெளியே தெரிகிறது. மார்பகம் அகற்றப்படுகிறது. இப்படி இழந்ததைத் திரும்பக் கட்டித் தருகிற பிளாஸ்டிக் சர்ஜரி இன்று வெகுதூரம் வந்துவிட்டது. தோலையும் சதையையும், தேவைப்பட்டால் எலும்பையும், ரத்தக் குழாய்களோடு ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் பொருத்துகிறார்கள். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்தக் குழாய்களை நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய இழையால் தைக்கிறார்கள். தேர்ந்த மையங்களில் இப்படி மாற்றி வைத்த திசு 100-இல் 95 அல்லது அதற்கும் மேற்பட்டவர்களுக்குப் பிழைத்துக்கொள்கிறது.

திசு பிழைத்தும் வாய் திறக்க முடியாதவர்கள், கழுத்தைத் திருப்ப முடியாதவர்கள், விரல் மடங்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய குறைக்கும் அறுவைக்கும் தொடர்பில்லை. நாள் கடந்து வந்தது, எதையோ மறைத்தது, பயிற்சியைப் பாதியில் விட்டது என்று காரணம் வேறெங்கோ இருக்கும்.

‘முதலில் நோய் போகட்டும்’

புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டார் சொல்கிற முதல் வார்த்தை இதுதான். உயிர் முக்கியம், உருவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் எடுப்பதும் கட்டுவதும் ஒரே திட்டத்தின் இரண்டு பாதிகள். புற்றுநோய் அறுவை மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் கத்தி வைப்பதற்கு முன்பே சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் பேசிவிட்டார்களா என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

தாடையை எடுத்துக்கொள்வோம். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளில் மெல்லியதான ஃபிபுலாவைக் கொண்டு தாடையைக் கட்டுவது 1980-களின் இறுதியிலிருந்து நடைமுறையில் உள்ளது. உடல் எடையில் பெரும்பங்கைப் பருத்த எலும்பே தாங்குவதால் இதை எடுக்க முடிகிறது. முழங்காலும் கணுக்காலும் ஆட்டம் காணாமலிருக்க இரு முனைகளிலும் சில சென்டிமீட்டர் விட்டுவைப்பார்கள். இது பெரும்பாலும் புற்றுக்கட்டியை எடுக்கும் அதே அமர்வில் நடக்கும். எந்தக் காலிலிருந்து எடுப்பது, அந்தக் காலின் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா, பின்னால் பல் பொருத்த முடியுமா என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானமாக வேண்டியவை. கதிர்வீச்சு வரப்போகிறது என்றால், கெட்டுப்போன பற்களை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடையில் பின்னர் பல் பிடுங்கினால் எலும்பே ஆறாமல் அரித்துப்போகும் ஆபத்து இருக்கிறது.

சிறியதாகத் தெரிகிற ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நாக்கையோ கன்னத்தின் உட்புறத்தையோ கட்டுவதற்கு முன்கைத் தோலை எடுப்பது வழக்கம். பெரும்பாலும் எழுதாத கையிலிருந்து. அந்தக் கையில் டிரிப்ஸ் ஊசி ஏற்றக்கூடாது, ரத்தப் பரிசோதனைக்குக் குத்தக்கூடாது. ஊசி ஏறிய சிரை வீங்கி அடைத்துக்கொண்டால் திட்டமே மாறிவிடும். இரவுப் பணியில் வரும் செவிலியருக்கு இது தெரியாமல் போகலாம். ‘இந்தக் கையில் வேண்டாம்’ என்று சொல்ல நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மார்பகச் சீரமைப்பை, மார்பகத்தை அகற்றும் அன்றே செய்யலாம், பல ஆண்டுகள் கழித்தும் செய்யலாம். இரண்டுமே சரியான வழிகள்தாம். கேட்காமல் விடுவதுதான் தவறு. அன்றே செய்வதென்றால் மார்பின் தோலைக் கூடியவரை காப்பாற்றி வைக்க முடியும். அகற்றியபின் கதிர்வீச்சு தேவைப்படுமா என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். சிலிகான் உள்வைப்பைச் சுற்றி வளரும் தழும்புறை கதிர்வீச்சால் தடித்து இறுகிப்போவது அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கு அடிவயிற்றுத் தோலும் கொழுப்பும் கொண்டு கட்டுவது பெரும்பாலும் நெடுநாள் தாங்கும். சீரமைத்தால் புற்றுநோய் திரும்ப வரும், வந்தாலும் தெரியாமல் மறைந்துகொள்ளும் என்ற பயத்தில் விலகுகிறவர்களும் உண்டு. அந்தப் பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

காயம் ‘காயட்டும்’ என்று காத்திருப்பது

எலும்பு முறிந்து வெளியே தெரியும் காயத்துக்கு வாரக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தானாகச் சதை வளர்ந்து மூடிவிடும் என்ற நம்பிக்கை. 1986-இல் மார்கோ கோதினா என்ற அறுவை மருத்துவர் 532 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார். விபத்து நடந்து 72 மணி நேரத்துக்குள் திசுவால் மூடியவர்களில் தோல்வி 0.75 சதவீதம்; அதற்குப் பிறகு மூன்று மாதங்களுக்குள் செய்தவர்களில் 12 சதவீதம். கிருமித்தொற்றிலும் அப்படியே பெரிய இடைவெளி. இன்றைய கருவிகளும் கட்டுமுறைகளும் அந்தக் காலக்கெடுவைச் சற்றுத் தளர்த்தியிருக்கின்றன. ஆனாலும் எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் முதல் சில நாட்களுக்குள் சேர்ந்து பார்த்துவிட வேண்டும் என்பது மாறவில்லை.

நரம்பு அறுந்திருந்தால் கணக்கு இன்னும் கடுமை. தைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். தோளருகே அறுந்தது கைவிரலை எட்ட ஓராண்டுக்கு மேலாகும். நரம்பின் தொடர்பு இல்லாத தசையோ 12 முதல் 18 மாதங்களில் மீளாத அளவுக்குச் சுருங்கிப்போகும். ‘ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம், தானாக வரும்’ என்று யார் சொன்னாலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

துண்டான விரலை நேராகப் பனிக்கட்டியில் போட்டு எடுத்து வருவது இன்னொரு வழக்கமான பிழை. பனி நேரடியாகப் பட்டால் திசு உறைந்து செத்துவிடும். தண்ணீரில் மிதக்கவிட்டால் ஊறிப்போகும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் இட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். விரலில் தசை இல்லாததால் குளிரில் அது பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். தசை நிறைந்த கையோ காலோ குளிர்ச்சியில்லாமல் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்குவது அரிது.

ரத்த ஓட்டத்தோடு விளையாடுவது

தோல் ஒட்டுக்கும் ரத்தக் குழாயோடு மாற்றும் திசுவுக்கும் உள்ள வேறுபாடு புரிந்தால் மருத்துவர்களின் பாதிக் கட்டளைகள் புரிந்துவிடும். தோல் ஒட்டு என்பது வேர்மண் உதறி நட்ட நாற்று: கீழேயுள்ள காயத்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு முதல் இரண்டு நாட்கள் உயிரோடிருக்கும், பிறகுதான் ரத்தக் குழாய்கள் இணையும். அதுவரை அசைந்தால், அடியில் ரத்தம் தேங்கினால், பிடிக்காது. அதனால்தான் ஐந்து நாட்கள் போலக் கட்டைப் பிரிக்க வேண்டாம் என்கிறார்கள். வெறும் எலும்பின் மேலும் உறையிழந்த தசைநாரின் மேலும் ஒட்டு பிடிக்காது என்பதும் இதனால்தான். அங்கே தனக்கான ரத்த ஓட்டத்தைத் தானே கொண்டுவரும் திசு வேண்டும். அதன் உயிரோ தைத்த இரண்டு சிறு குழாய்களில் இருக்கிறது.

புகை பிடிப்பவர்களிடம் மருத்துவர்கள் கடுமை காட்டுவதும் இதனால்தான். நிகோட்டின் நுண்ணிய குழாய்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பும் அதற்குப் பின் பல வாரங்களும் நிறுத்தச் சொல்வார்கள். அறுவைக்கு முந்தைய நாள் நிறுத்திவிட்டு, ‘விட்டுவிட்டேன்’ என்று சொல்வது மருத்துவரை ஏமாற்றலாம், திசுவை ஏமாற்றாது. நிகோட்டின் சூயிங்கம், மின்சிகரெட் இரண்டிலும் இருப்பது அதே நிகோட்டின்தான். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வருகிறவர் வராந்தாவில் புகைத்தாலும் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

ரத்தம் உறைவதைப் பாதிக்கும் மூலிகை மாத்திரை, பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் எதுவானாலும் பட்டியலிட்டு மருத்துவரிடம் கொடுத்துவிட வேண்டும். இதய நோய்க்கான மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவது அதைவிட ஆபத்து. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமலும், பல வாரம் சரியாகச் சாப்பிட முடியாமல் புரதம் குறைந்த உடம்போடும் போவதும் காயத்தை ஆறவிடாது. அவசரம் இல்லாத அறுவை என்றால் இவற்றைச் சரிசெய்ய இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்வது வீண் அல்ல.

அறுவைக்குப் பின் முதல் இரண்டு மூன்று நாட்கள் மணிக்கொருமுறை வந்து, மாற்றிவைத்த திசுவின் நிறம் பார்ப்பார்கள், தொட்டு வெப்பம் பார்ப்பார்கள், அழுத்திவிட்டு ரத்தம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். தூக்கம் கெடுகிறது என்று சலித்துக்கொள்ளாதீர்கள். வெளிறிக் குளிர்ந்தால் ரத்தம் உள்ளே வரவில்லை; நீலம் பாரித்து வீங்கினால் வெளியே போகவில்லை. சில மணி நேரத்துக்குள் மறுபடி அறுவை அரங்கத்துக்குக் கொண்டுபோனால் பல சமயம் காப்பாற்றிவிடலாம். நிறம் மாறியதை முதலில் கவனிப்பது துணைக்கு இருப்பவராகவும் இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தேங்கிய ரத்தத்தை இழுக்க மருத்துவ அட்டைப்பூச்சிகளைக் கொண்டுவந்தால் அலறவும் வேண்டாம், அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை.

வசதியான நிலை

வீட்டுக்கு வந்தபின் நடக்கும் பிழைகளில் மிகக் கொடுமையானது அன்பினால் நடப்பது. கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைப்பார்கள். தாடை மார்பை நோக்கித் தாழ, வலி குறையும், அவரும் தூங்குவார். சில வாரங்களில் அந்த நிலையிலேயே தோல் சுருங்கி இறுகும், தாடை நிமிராது. தீக்காயத்தில் வலி குறைவாக இருக்கும் நிலைதான் பெரும்பாலும் உறுப்பு கோணிப்போகும் நிலை. கழுத்தில் காயம் என்றால் தலையணை கூடாது. முழங்கை நீட்டியிருக்க வேண்டும். அக்குள் விரிந்திருக்க வேண்டும். வலிக்கிறது என்று பிசியோதெரபிஸ்ட்டைத் திருப்பி அனுப்பினால், அந்த இறுக்கத்தை அறுத்து விடுவிக்க இன்னோர் அறுவை வேண்டியிருக்கும். வாய்க்குள் அறுவை செய்தவர்களுக்கு வாய் திறக்கும் பயிற்சியும் இப்படித்தான்: கதிர்வீச்சு முடிந்த பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டும்.

தழும்பு முதிர 12 முதல் 18 மாதங்கள் ஆகும். மூன்றாம் மாதத்தில் அது சிவந்து தடித்து அரிக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சிகிச்சை தோற்றது என்று முடிவு கட்டுவது அவசரம். தீக்காயத் தழும்புக்கான அழுத்த ஆடை நாளில் 23 மணி நேரம் போட வேண்டியது. விசேஷத்துக்குப் போகும்போது கழற்றி வைப்பதற்கு அல்ல. ஒட்டிய தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் சரியாக இயங்காது. ஈரப்பதம் தரும் களிம்பைத் தினமும் தடவ வேண்டும், வெயிலையும் ஓராண்டாவது தவிர்க்க வேண்டும்.

உணர்ச்சி திரும்பாத தோல் பற்றி மருத்துவமனையில் பெரும்பாலும் போகிறபோக்கில் சொல்லிவிடுவார்கள். சீரமைத்த மார்பின் மேல் வெந்நீர்ப் பை வைத்து, சுடுவதே தெரியாமல் கொப்புளம் போட்டு வருகிறவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் உண்டு. அடிவயிற்றுத் திசு எடுத்த இடம், முன்கை, கால் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

முதல் நாள் கண்ணாடி

மாற்றிவைத்த திசு முதலில் வீங்கி, நிறம் பொருந்தாமல், பிதுங்கித் தெரியும். வேண்டுமென்றே சற்றுக் கூடுதலாக வைப்பதும் உண்டு. சில மாதங்கள் கழித்துச் செதுக்குவார்கள். திசு தன் பழைய குணத்தையும் கூடவே கொண்டுவரும். முன்கைத் தோலால் கட்டிய நாக்கில் முடி முளைப்பது நடக்கிற காரியம். வயிற்றுக் கொழுப்பால் கட்டிய மார்பகம், உடல் எடை கூடும்போது தானும் பெருக்கும். ஒரே அறுவையில் எல்லாம் முடியும் என்ற எதிர்பார்ப்பு இந்தத் துறைக்கு ஒருபோதும் பொருந்தியதில்லை. முதல் உலகப் போரில் முகம் சிதைந்தவர்களுக்காக 1917-இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் திறக்கப்பட்டு, அறுவை மருத்துவர் ஹெரால்ட் கில்லிஸ் நடத்திய மருத்துவமனையில் 5,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000-க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. எத்தனை கட்டங்கள், இடையில் எவ்வளவு காலம், எங்கே நிறுத்தலாம் என்று ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிலிகான் உள்வைப்பு வாழ்நாள் முழுவதற்குமானது அல்ல. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட ஒருவகை உள்வைப்புகள், அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையவை என்று தெரிந்து 2019-இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பல ஆண்டுகள் கழித்துத் திடீரென ஒரு பக்கம் வீங்கினால் காத்திருக்காமல் காட்ட வேண்டும். உள்வைப்பின் பெயரும் வகையும் எழுதிய அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்.

சீரமைப்பே வேண்டாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மார்பகம் இல்லாமலே இருக்க விரும்புகிறவர் இருக்கலாம். பல அறுவைகளைத் தாங்குவதைவிடச் சிலிகானில் செய்த செயற்கைக் காதைப் பொருத்திக்கொள்வதே மேல் என்று நினைப்பவர் இருக்கலாம். சில சமயம் பார்ப்பதற்கும் அதுவே இயல்பாக இருக்கும். உறவினர் வற்புறுத்தலுக்காக அறுவைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அதேபோல, இது ‘வெறும் அழகுக்காக’ என்று யாரோ சொன்னதற்காகக் கைவிட வேண்டியதும் இல்லை. விழுங்கவும் பேசவும் வழிசெய்கிற சிகிச்சையை அப்படிச் சொல்கிறவர் ஒரு வாரம் மூக்குக் குழாய் வழியே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.