வீடற்றோருக்கு வீட்டு உதவி: பல அமைப்புகளை ஒரே பட்டியலில் இணைப்பது எப்படி?

இரவுக் காப்பகத்தை ஒரு அமைப்பு நடத்தும். வாடகை உதவி இன்னொரு அமைப்பிடம் இருக்கும். அரசுக் குடியிருப்புகள் வேறொரு துறையின் கையில். தெருவில் தூங்குபவர் மூன்று இடத்துக்கும் நடந்து, மூன்று இடத்திலும் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லி, மூன்று வரிசையில் காத்திருக்கிறார். இப்படி நடக்கும் இடத்தில், அலைய உடம்பில் தெம்பு உள்ளவருக்கே வீடு கிடைக்கும். படுத்த படுக்கையாகக் கிடப்பவர் யார் கணக்கிலும் வரமாட்டார்.

இதைச் சரிசெய்யத்தான் ஒருங்கிணைந்த அணுகல் முறை: எந்த அமைப்பிடம் வந்தாலும் ஒரே படிவம், எல்லோருக்கும் ஒரே பொதுப்பட்டியல். அமெரிக்காவில் வீடற்றோருக்கான மத்திய நிதி பெறும் பகுதிகள் இம்முறையை வைத்திருக்க வேண்டும் என்று 2012-ல் விதி வந்தது. இரண்டு மூன்று அமைப்புகள் மட்டும் உள்ள இடத்திலும் இதைத் தொடங்கலாம். மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. கடவுச்சொல் போட்ட எக்செல் ஷீட் போதும்.

1. யாரிடம் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு அமைப்பிடமும் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை இடம், யாருக்குத் தகுதி, யாரைச் சேர்க்கமாட்டார்கள். மூன்றாவதை வற்புறுத்திக் கேட்க வேண்டும். குடிப்பவர் கூடாது, தம்பதியரைப் பிரித்துத்தான் தங்கவைப்போம், நாயோடு வந்தால் இடமில்லை என்பதெல்லாம் பெரும்பாலும் வாய்மொழி விதிகளாகவே இருக்கும். எழுதச் சொன்னாலே பாதி விதிகளைத் தளர்த்த முன்வருவார்கள்.

அடுத்தது உடன்படிக்கை: காலியாகும் இடம் பொதுப்பட்டியல் வழியாக மட்டுமே நிரப்பப்படும். ஓர் அமைப்பு பாதி இடங்களைத் தன் சிபாரிசுக்கென ஒதுக்கி வைத்துக்கொண்டால், மற்றவர்களும் அதையே செய்வார்கள். சில மாதங்களில் பட்டியல் வெறும் காகிதமாகிவிடும். முழுவதும் தர யாரேனும் தயங்கினால், தரும் எண்ணிக்கையை வெளிப்படையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

2. எந்த வாசலில் வந்தாலும் ஒரே படிவம்

அலுவலகம், தொலைபேசி, தெருவுக்கே செல்லும் களப்பணியாளர் என்று குறைந்தது மூன்று வழிகள் வேண்டும். அலுவலகம் மட்டும் இருந்தால், மனநலம் குன்றியவர்களும் நடக்க முடியாதவர்களும் விடுபடுவார்கள். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவரின் பெயரைப் பொதுப்பட்டியலில் ஏற்றவே கூடாது. அவருக்கு ஒரு குறியீட்டு எண் கொடுங்கள். விவரம் ஒரே ஒரு பணியாளரிடம் தனியாக இருக்கட்டும்.

3. முதல் உரையாடல்

முதலில் ஒப்புதல். எந்தெந்த அமைப்புகள் இந்த விவரத்தைப் பார்க்கும், எதற்காக, வேண்டாமென்றால் எப்படி விலகலாம் என்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மறுத்தால் உதவியை நிறுத்தக் கூடாது. அவரையும் எண்ணாகப் பதியலாம்.

பிறகு இன்றிரவைப் பற்றிக் கேளுங்கள். பாதுகாப்பாகத் தங்க உறவினர் வீடு ஏதாவது உண்டா, அங்கே போகத் தடையாக இருப்பது என்ன? சில சமயம் ஒரு பயணச்சீட்டோ, ஒரு சமரசப் பேச்சோ பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

முதல் நாள் படிவம் கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. "மனநோய் உண்டா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "நேற்று எங்கே தூங்கினீர்கள்? கடைசியாக எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள்?" என்று தொடங்குங்கள். பலர் மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு: "உங்களைத் தேடி வந்தால் எங்கே, யாரிடம் விசாரிக்கலாம்?" டீக்கடை, வழிபாட்டுத் தலம், நண்பர் என எது சொன்னாலும் குறித்துக்கொள்ளுங்கள். வீடு தயாராகும் நாளில் ஆள் கிடைக்காமல் போவதுதான் இந்த வேலையின் பெரிய இழப்பு. தொலைபேசி எண்ணை மட்டும் நம்ப முடியாது, அது அடிக்கடி மாறும்.

"வீடு கிடைத்துவிடும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்து என்ன நடக்கும், யார் எப்போது வந்து பார்ப்பார் என்பதைச் சொன்னால் போதும்.

4. பெயர்ப் பட்டியல்

பெயர், தாயின் பெயர், பிறந்த ஆண்டு, வீடற்ற காலம், உடல்நிலை, குடும்ப அளவு, கடைசியாகப் பார்த்த தேதி, ஆவண நிலை, பொறுப்பாளர், தற்போதைய நிலை (காத்திருக்கிறார், வீடு பெற்றார், தொடர்பில் இல்லை). தொடக்கத்துக்கு ஷீட்டில் இவ்வளவு விவரங்கள் போதும். ஒருவரே இரு எழுத்துக்கூட்டலில் இருமுறை பதிவாவது சகஜம். பெயரோடு பிறந்த ஆண்டும் தாயின் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒன்றாக்குங்கள்.

தொண்ணூறு நாள் தேடியும் காணவில்லை என்றால் "தொடர்பில் இல்லை" என்று மாற்றுங்கள், அழிக்காதீர்கள். மாதக் கடைசியில் ஒரு கணக்கு: போன மாத எண்ணிக்கையோடு புதியவர்கள், திரும்பி வந்தவர்களைக் கூட்டி, வீடு பெற்றவர்கள், தொடர்பில் இல்லாதவர்களைக் கழியுங்கள். இப்போதைய எண்ணிக்கையோடு அது பொருந்தவில்லை என்றால் யாரோ பதிவைப் புதுப்பிக்கவில்லை.

5. யாருக்கு முதலில்?

இங்கே முதலில் வந்தவருக்கு முன்னுரிமை கிடையாது. தெருவில் தொடர்ந்தால் உயிருக்கு ஆபத்து யாருக்கு என்பதே அளவுகோல். மதிப்பெண் படிவத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வி.ஐ.-எஸ்.பி.டி.ஏ.டி. (VI-SPDAT) என்ற, வீடற்றவரின் ஆபத்தை மதிப்பெண்ணாக அளக்கும் கேள்வித்தாள் சாட்சி. வட அமெரிக்காவில் மிகப் பரவலாகப் புழங்கிய அதில், கறுப்பினத்தவருக்கு வெள்ளையரைவிடக் குறைந்த மதிப்பெண் விழுவதாக ஆய்வுகள் காட்டின. உருவாக்கிய நிறுவனமே 2020-ல் அதைக் கைவிடப்போவதாக அறிவித்தது. முன்பின் தெரியாதவரிடம் தன் நோயை மறைப்பவருக்கு மதிப்பெண் குறையத்தானே செய்யும்? எனவே மதிப்பெண்ணை ஒரு தகவலாக மட்டும் வைத்து, அவரை நேரில் அறிந்த களப்பணியாளர், செவிலியரின் கருத்தையும் சேர்த்து முடிவெடுங்கள்.

6. ஆவணங்களை இன்றே தொடங்குங்கள்

அடையாள அட்டை, வருமானச் சான்று, தேவையானால் மருத்துவச் சான்று ஆகியவற்றை வீடு ஒதுக்கிய பிறகு தேடத் தொடங்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. அட்டை வர வாரக்கணக்கில் ஆகும்; வீட்டு உரிமையாளர் அதுவரை காத்திருக்கமாட்டார். பதிவான வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். மூலத்தை அவரிடம் கொடுத்து, அவர் சம்மதத்தோடு ஸ்கேன் நகலைப் பூட்டிய கோப்பில் வையுங்கள். தெருவில் பை திருட்டுப் போவது வழக்கம்.

7. வாரக் கூட்டம், ஒதுக்கீடு

வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம். பட்டியலின் மேலிருந்து பதினைந்து பேரை எடுத்து, ஒவ்வொருவருக்கும் அடுத்த வேலை என்ன, யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்று மட்டும் பேசுங்கள். வாழ்க்கைக் கதைக்குள் போனால் மூன்று பேரோடு நேரம் முடிந்துவிடும்.

இடம் காலியானதும் இரண்டு வேலை நாளுக்குள் உரியவரிடம் சொல்லுங்கள். வீட்டை நேரில் காட்டுங்கள். "வேண்டாம்" என்பது அவர் உரிமை. அதற்காகப் பட்டியலில் கீழே தள்ளக் கூடாது, ஆனால் காரணத்தைக் கேட்டு எழுதுங்கள். அமைப்பு மறுத்தால் காரணம் எழுத்தில் வர வேண்டும். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் முதல் படிக்குப் போய் அந்த விதியைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

8. சாவி கொடுத்த பிறகு

குடியை நிறுத்தினால்தான் வீடு என்று நிபந்தனை போடாதீர்கள். 1992-ல் நியூயார்க்கில் தொடங்கிய 'முதலில் வீடு' அணுகுமுறை, நிபந்தனையின்றி வீடு பெற்றவர்களில் பெரும்பாலோர் அதைத் தக்கவைப்பதைக் காட்டியது. பின்லாந்து 2008-ல் அதைத் தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டது.

ஆனால் வீட்டோடு ஆதரவும் போக வேண்டும். முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். படுக்கை, பாத்திரம், விளக்கு முதல் நாளே இருக்கட்டும். வெறும் அறையில் தனியே இருக்க முடியாமல் பழைய இடத்துக்கே திரும்புபவர்கள் உண்டு. வீட்டு உரிமையாளருக்கு ஒரு பணியாளரின் எண்ணைக் கொடுத்து, வாடகை தவறினாலோ சத்தம் என்று புகார் வந்தாலோ முதலில் அங்கே அழைக்கச் சொல்லுங்கள். அப்படியும் வீடு கைநழுவினால், அவரைப் புதியவராகப் பதியாதீர்கள். பழைய பதிவையே திறந்து, முதலில் வந்த தேதியோடு ஒருங்கிணைந்த பட்டியலில் மீண்டும் ஏற்றி, அந்த வாரக் கூட்டத்திலேயே பேசுங்கள்.