நான்கு காலில் நிற்கும் வரையாட்டுப் பொம்மை

நீலகிரியில் ஒரு குழந்தைக்குத் துணிப்பொம்மை தைத்துப் பரிசளிக்க விரும்புகிறவர்கள், எந்தக் கடையிலும் கிடைக்கும் கரடியையும் முயலையும் விடுத்து, முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் புல்வெளிகளில் மேயும் வரையாட்டைத் தைக்கலாம் என்பது என் பரிந்துரை. தமிழ்நாட்டின் மாநில விலங்கான அது அந்தக் குழந்தை வளரப்போகும் மலைக்கே உரியது. உட்கார்ந்திருக்கும் கரடியைப் போலன்றி நான்கு காலில் தானாக நிற்க வேண்டிய பொம்மை என்பதால், இது இரண்டு இடங்களில் கூடுதல் கவனத்தைக் கேட்கும்: வயிற்றுத் துண்டை வெட்டித் தைப்பதிலும், கால்களிலும் கழுத்திலும் பஞ்சை அடைப்பதிலும்.

வரையாட்டுக்கென்றே வரைந்த பேட்டர்ன், அதாவது துணியை வெட்ட உதவும் தாள் மாதிரி, கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. நின்ற நிலையில் உள்ள எந்த ஆட்டுப் பேட்டர்னையும் எடுத்து, தாடியை நீக்கி, வாலைக் குட்டையாக்கி, கழுத்தைத் தடிப்பாக வரைந்து, கொம்புகளைப் பின்னோக்கி வளைத்துவிட்டால் போதும். கடையில் அச்செடுக்கும்போது, தாளுக்குள் அடங்கும்படி சுருக்காமல், நூறு சதவீத அளவிலேயே எடுக்கச் சொல்ல வேண்டும். பேட்டர்னில் அச்சிட்டிருக்கும் அளவுக் கட்டத்தை அளவுகோலால் அளந்து பார்த்த பிறகே தாளை வெட்ட வேண்டும். சுமார் 22 சென்டிமீட்டர் உயரமுள்ள பொம்மைக்கு அரை மீட்டர் துணி தாராளமாகப் போதும்.

துணியைப் பொறுத்தவரை, குளிருக்கு அணியும் மேற்சட்டைகளுக்குப் பயன்படும் ஃப்ளீஸ் துணியே தொடக்கநிலையினருக்கு உகந்தது. வெட்டிய ஓரம் பிரியாது, சிறு பிசகுகளையும் மறைத்துவிடும். வீட்டில் பழைய ஸ்வெட்டர் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், ஆனால் அது தூய கம்பளியாக இருக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஓர் இழையை எடுத்துப் பாதுகாப்பாக எரித்துப் பார்த்தால், கம்பளி, முடி கருகும் மணத்துடன் எரிந்து பொடியும் சாம்பலாகும், கம்பளிபோல் தோன்றும் செயற்கை இழையான அக்ரிலிக்கோ உருகிக் கெட்டியான உருண்டையாகிவிடும். கம்பளி ஸ்வெட்டரைச் சோப்பு கலந்த வெந்நீரில் நன்கு அலசித் தேய்த்தால் அது சுருங்கித் தடித்து, வெட்டினாலும் பின்னல் பிரியாத துணியாக மாறும். அக்ரிலிக் அவ்வாறு மாறாது என்பதால் அதைத் தவிர்த்துவிடலாம். முதிர்ந்த ஆணைத் தைப்பதானால் உடலுக்கு அடர்பழுப்பும், முதுகில் சேணம்போல் தெரியும் திட்டுக்கு வெளிர்சாம்பலும் வேண்டும். பெட்டைக்குச் சாம்பல் கலந்த பழுப்பு ஒன்றே போதும். அதற்கும் கொம்பு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

துணியில் ரோமம் இருந்தால் கையால் தடவி அது சாயும் திசையைக் கண்டுகொண்டு, எல்லாத் துண்டுகளிலும் ரோமம் தலையிலிருந்து வாலை நோக்கிச் சாயுமாறு தாளை வைக்க வேண்டும். துணியை மடித்து இரண்டாக வெட்டும் பழக்கம் இங்கே உதவாது. ஒரு பக்கத்தை வெட்டியபின் தாளைக் கவிழ்த்து வைத்து மறு பக்கத்தை வெட்டுவதே சரி; இல்லாவிட்டால் ஒரே பக்கத்துக்கான இரண்டு துண்டுகள் கையில் நிற்கும். தையலுக்கென 6 மில்லிமீட்டர் துணியைச் சுற்றிலும் விட்டு, பேட்டர்னில் உள்ள பொருத்துக் குறிகளைச் சாக்பீஸால் துணியின் உள்பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

வயிற்றுத் துண்டு என்பது கால்களின் உட்புறமும் அடிவயிறும் சேர்ந்தது. அது இடம், வலம் என இரண்டாக வரும். இவ்விரண்டையும் இணைக்கும் நடுத்தையலின் கோடு, முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் சற்று உள்ளே குழிந்து செல்ல வேண்டும். அந்தக் குழிவு வயிற்றின் அகலத்தைக் குறைப்பதால்தான் கால்கள் நேராகக் கீழிறங்குகின்றன. பேட்டர்னில் அது நேர்க்கோடாக இருந்தால், பஞ்சடைத்தபின் நான்கு கால்களும் வெளிப்பக்கமாக விரிந்து பொம்மை வயிற்றின் மேல் படுத்துவிடும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே நடுவில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குழிவை நாமே வரைந்துகொள்வது நல்லது. உள்பக்கம் வெளியே தெரியத் தைத்த பொம்மையைத் திருப்பவும் பஞ்சை அடைக்கவும் இந்த நடுத்தையலில் 8 சென்டிமீட்டர் திறப்பை விட வேண்டும்.

தைக்கும் வரிசை முக்கியமானது. துணி தட்டையாக இருக்கும்போதே சேணத் திட்டை இரு பக்கத் துண்டுகளிலும், முதுகெலும்பு வரும் இடத்தில் இரண்டும் சந்திக்குமாறு, தைத்துவிட வேண்டும். அடுத்து வயிற்றின் நடுத்தையல், பின் ஒவ்வொரு பக்கத் துண்டோடும் வயிற்றுத் துண்டை இணைக்கும் தையல், அதன்பின் மூக்கு நுனியிலிருந்து பிடரி வரை செல்லும் நெற்றித் துண்டு, கடைசியில் வாலை இடையில் செருகி முதுகும், தாடையும் மார்பும். காதுகளைத் தனியே தைத்துத் திருப்பி, நெற்றித் துண்டின் தையலுக்குள் சேர்த்துப் பிடித்துவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் கழன்று வராது. கையால் தைப்பவர்கள் ஓட்டுத்தையலை நம்பாமல், ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னே எடுக்கும் கெட்டித்தையலே போட வேண்டும். இயந்திரத்தில் தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். கால்களின் இடுக்கிலும் தாடையின் கீழும் வரும் உள்வளைவுகளில், நூலைத் தொடாமல், கத்தரி நுனியால் சிறு வெட்டுகள் இட்டால்தான் திருப்பியபின் சுருக்கம் விழாது. கால்களின் அடியைத் திறந்தே வைத்து, கறுப்பு ஃபெல்ட்டை (நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணியை) இரண்டடுக்காக வெட்டிய நீள்வட்டக் குளம்புகளைப் பஞ்சடைத்த பிறகு கையால் பொருத்தினால், ஒவ்வொரு காலும் தட்டையாகத் தரையில் பதியும்.

பஞ்சைத் தேர்ந்தெடுக்கும்போது நம் மலையின் ஈரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் வலுவாகப் பெய்யும் மாதங்களில், பருத்திப் பஞ்சு ஈரத்தை இழுத்துக் கட்டியாகி வாடையடிக்கும். துவைத்தாலும் சீக்கிரம் உலரும் பாலியஸ்டர் பஞ்சே இங்கு ஏற்றது. கால் கிலோ வாங்கினால் மிஞ்சும். முதலில் மூக்கு நுனி, பிறகு கால்கள், அடுத்துக் கழுத்து, கடைசியாக வயிறு என்ற வரிசையில், சிறுசிறு திரளாகப் பிய்த்து, மழுங்கிய மரக்குச்சியால் தள்ளி அடைக்க வேண்டும். கால்கள் விரலால் அழுத்தினாலும் அமுங்காத அளவுக்கு இறுக வேண்டும். கொம்பின் எடையைத் தாங்க வேண்டிய கழுத்தும் அப்படியே. வயிறு மட்டும் குழந்தை கட்டிக்கொள்ள ஏதுவாக மென்மையாக இருக்கலாம். பொம்மையை மேசையில் நிறுத்திப் பார்த்து, சாயும் பக்கத்தில் பஞ்சைக் கூட்டிச் சரிசெய்தபின், துணியின் இரு விளிம்புகளையும் மாறி மாறிக் கோத்து நூலை இழுக்கும் மறைதையலால் திறப்பை மூட வேண்டும்.

கொம்புகளை அடர்சாம்பல் ஃபெல்ட்டில் தைத்து, பஞ்சடைத்து, பின்பக்க விளிம்பில் ஓர் இழையை ஓட்டி மெல்லச் சுருக்கினால் அவை இயல்பாகப் பின்னோக்கி வளையும். இரட்டை நூலால் அடிப்பாகத்தைச் சுற்றி இரு முறை தைத்துப் பொருத்தலாம். கண்ணுக்குப் பொத்தானோ மணியோ அழகுதான், ஆனால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை அதைப் பிய்த்து விழுங்கக்கூடும் என்பதால், கறுப்பு நூலால் நிரப்பித் தைத்து, ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பதே பாதுகாப்பானது. அதே காரணத்துக்காக, கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு தையலையும் இரு கையாலும் இழுத்துப் பார்ப்பதும், குத்தி வைத்த குண்டூசிகளை எண்ணித் திரும்பப் பெட்டியில் போடுவதும் கட்டாயம்.

பரிசோடு உடல் துணியில் ஒரு கைக்குட்டை அளவுத் துண்டையும் அதே நூலில் சிறிதையும் சேர்த்துக் கொடுத்தால், பின்னாளில் காலோ காதோ கிழியும்போது வீட்டார் அதே நிறத்தில் ஒட்டுப்போட்டுக்கொள்ள முடியும். ஃப்ளீஸ் பொம்மையானால் வெதுவெதுப்பான நீரில் கையால் அலசலாம், கம்பளிக்குக் குளிர்ந்த நீரே சரி. முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி, காற்றோட்டமான இடத்தில் உலர்த்துமாறும், பனி மூடிய நாட்களில் துவைக்காமல் வெயில் அடிக்கும் நாளுக்குத் தள்ளிவைக்குமாறும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.