பூவாளி வாங்கும்போது முதலில் மூக்கைப் பாருங்கள்

என் முதல் தகரப் பூவாளி இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. உடம்பில் பொட்டுத் துரு கிடையாது. மூக்கு, அதாவது தண்ணீர் போகும் குழாய், உடம்போடு சேருகிற இடத்தில் மட்டும் மயிரிழை போல ஒரு வெடிப்பு. பசை வைத்து அடைத்தேன். நாலு நாள் வெயிலில் பிய்ந்துவிட்டது. அன்றிலிருந்து எந்தப் பூவாளியை எடுத்தாலும் என் கண் முதலில் போவது அங்கேதான்.

காரணம் எளிது. 10 லிட்டர் தண்ணீர் என்றால் 10 கிலோ. அதைச் சுமந்துகொண்டு போகும்போது மூக்கு சுவரில் இடிக்கும், செடியில் மாட்டும். அவசரத்தில் மூக்கைப் பிடித்தே தூக்குகிறவர்களும் உண்டு. எல்லா அடியும் அந்த ஒரு இணைப்பில்தான் இறங்குகிறது. ஆகவே பற்றவைத்த தடம் இடைவெளியில்லாமல் சுற்றிலும் ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். தகடு உள்ளே போய்த் திரும்பினால் வேண்டாம். மூக்கையும் வாளியின் விளிம்பையும் இணைக்கும் ஒரு தாங்கு கம்பி இருந்தால் ஆயுள் நிச்சயம் கூடும். கைப்பிடி பொருந்தும் இடத்துக்கும் இதே சோதனைதான்.

தகட்டின் கனத்தை கேஜில் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தகடு தடிமன். 24-ஐவிட 22 கெட்டி.

உலோகத்தில் என் தேர்வு ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. அதிலும், செய்து முடித்த வாளியை உருக்கிய துத்தநாகத்தில் முழுதாக முக்கி எடுத்தது கிடைத்தால் விடாதீர்கள்; மூட்டுகளுக்குள்ளும் பூச்சு ஏறியிருக்கும். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். வெறும் பெயின்ட் அடித்ததில் அந்தக் காவல் இல்லை. ஒரு இடத்தில் உரிந்தால் போதும், துரு பெயின்டுக்கு அடியிலேயே பரவும். பெயின்ட் அடித்ததைத்தான் வாங்குவதென்றால் உட்புறத்தை எட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உரம் கரைத்து ஊற்றும் பழக்கம் இருந்தால் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல், ஏனென்றால் உர உப்பு துத்தநாகத்தைத் தின்றுவிடும். செம்பு அழகுதான், ஆனால் மெல்லிய தகடாக இருந்தால் சட்டென்று நசுங்கும்.

பலர் கவனிக்காத ஒன்று: மூக்கின் வாய் வாளியின் விளிம்பு உயரத்துக்காவது இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் அந்த மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்காது, நிரப்பும்போதே வழிந்துவிடும்.

சல்லடைத் தலை பித்தளையில், திருகிக் கழற்றும்படி இருக்கட்டும். தூசி அடைத்தால் கழற்றி ஊசியால் குத்திவிடலாம். நாற்றுக்கு ஊற்றும்போது நான் துளைகளை வானம் பார்க்கத் திருப்பிவைப்பேன். தண்ணீர் மேலே எழும்பித் தூறலாக விழும். விதைமேல் போட்ட மண் கலையாது.

10 லிட்டர் வாளியைத் தினமும் தூக்கிப் பார்த்துவிட்டு 7 லிட்டருக்கு மாறினேன். ஒரு நடை கூடுதல், தோள்வலி இல்லை.

வாங்கும் இடத்திலேயே முட்ட நிரப்பிக் காய்ந்த காகிதத்தின்மேல் பத்து நிமிஷம் வைத்து, ஒழுகுகிறதா என்று பாருங்கள். வீட்டில் வேலை முடிந்ததும் அலசிக் கவிழ்த்து, அடியில் காற்றுப் போக ஒரு ஓட்டுச்சில்லை முட்டுக்கொடுங்கள். ஈரத்தோடு மூடிக் கிடந்தால் ஜி.ஐ. வாளிக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூக்கும். துத்தநாகம் கரைய ஆரம்பித்த அடையாளம் அது.